‘பிக்னிக்’: ஊர் நாடகக் குழுக்களின் கையில் ஒரு காதல் நாடகம்

வில்லியம் இன்ஜ் எழுதிய ‘பிக்னிக்’ நாடகம் 1953 பிப்ரவரி 19 அன்று நியூயார்க்கின் மியூசிக் பாக்ஸ் அரங்கில் மேடையேறியது. 477 காட்சிகள் நடந்தது. அந்த ஆண்டின் புலிட்சர் பரிசும் நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் பரிசும் அதற்குக் கிடைத்தன. 1955இல் திரைப்படமாக வந்தது. 1994இலும் 2013இலும் பிராட்வேயில் மறுபடி அரங்கேறியது. இவ்வளவு பெருமைக்கும் உரிய இந்த நாடகம் மிகவும் இயல்பாகப் பொருந்தும் இடம் அமெரிக்கச் சிற்றூர்களின் ஊர் நாடகக் குழுதான். பகலெல்லாம் வங்கியிலும் பள்ளியிலும் கடையிலும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் சம்பளமில்லாமல் ஒத்திகைக்கு வருகிறவர்கள் நடத்தும் குழுக்கள் அவை. அவர்கள் இந்த நாடகத்தை மறுபடி மறுபடி எடுப்பதற்கான காரணங்கள் நாடகத்துக்குள்ளேயே இருக்கின்றன.

கதை நடப்பது கான்சஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளின் வராந்தாவிலும் முற்றத்திலும். தொழிலாளர் தினத்தின் அதிகாலையில் தொடங்கி மறுநாள் காலையில் முடிகிறது. அமெரிக்காவில் செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைதான் தொழிலாளர் தினம். அன்றோடு கோடைக்காலம் முடிந்துபோனதாக ஊர் எடுத்துக்கொள்ளும். அது கழிந்தால் பள்ளிக்கூடம். ஒரு வீட்டில் ஃப்ளோ ஓவன்ஸ், கணவனின் துணையில்லாமல் இரண்டு பெண்களை வளர்த்தவள். மூத்தவள் மேட்ஜுக்கு 18 வயது. ஊரிலேயே அழகி, சில்லறைச் சாமான் கடையில் விற்பனைப் பெண். இளையவள் மில்லிக்கு 16 வயது. படிப்பில் கெட்டி, பையன்களோடு மல்லுக்கு நிற்பவள். அதே வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருப்பவள் ரோஸ்மேரி சிட்னி, நடுவயதை எட்டிய பள்ளி ஆசிரியை. பக்கத்து வீட்டில் ஹெலன் பாட்ஸ், நோயாளியான தாய்க்குப் பணிவிடை செய்தே முதுமையை நெருங்கிவிட்டவள்.

ஒருவேளைச் சாப்பாட்டுக்காக ஹெலன் வீட்டில் வேலை செய்ய வருகிறான் ஹால் கார்ட்டர் என்ற நாடோடி இளைஞன். அந்த ஊரில் அவனுக்குத் தெரிந்தவன் ஆலன் சீமோர் ஒருவன்தான். கல்லூரியில் உடன் தங்கியிருந்த தோழன், வசதியான வீட்டுப் பிள்ளை. மேட்ஜை ஆலனுக்குக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பதே ஃப்ளோவின் ஒரே நினைப்பு. மாலையில் எல்லாரும் பிக்னிக்குக் கிளம்புகிறார்கள். ஹாலும் மேட்ஜும் மட்டும் அங்கே போய்ச் சேருவதில்லை. விடிந்ததும் போலீஸுக்குப் பயந்து ஹால் சரக்கு ரயிலேறுகிறான். சற்று நேரத்தில் பெட்டியோடு மேட்ஜும் அவனைத் தேடித் துல்சாவுக்குப் புறப்படுகிறாள்.

தலைப்பில் இருக்கும் பிக்னிக் மேடையில் நடப்பதே இல்லை. அதற்குத் தயாராவதையும், அதிலிருந்து திரும்பி வருவதையும், போகாமலே இருந்துவிடுவதையும்தான் பார்வையாளர் பார்க்கிறார். திரைப்படம் ஆயிரம் பேர் கூடும் திருவிழாவாக அதைக் காட்டியது. மேடைக்கு அந்தத் தேவை இல்லை. உணவுக்கூடைகள் வராந்தாவில் காத்திருக்கின்றன, கார்களில் யார் யாரோடு போவது என்று பேச்சு நடக்கிறது, அவ்வளவே போதும். கூட்டத்தையோ ஆற்றங்கரையையோ காட்ட வசதியில்லாத சிறிய அரங்குக்கு இது பெரிய அனுகூலம்.

இன்ஜ் 1913 மே 3 அன்று கான்சஸின் இன்டிபென்டென்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகப் போய் விற்பனை செய்தவர். வீட்டில் தாயார் அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே தங்கியிருந்த மூன்று ஆசிரியைகளின் தனிமையைச் சிறுவயதில் அருகிலிருந்து கண்டது தன் எழுத்துக்குள் வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கான்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, ஆசிரியராக வேலை பார்த்து, பிறகு செயின்ட் லூயிஸின் ‘ஸ்டார் டைம்ஸ்’ நாளிதழில் நாடக விமர்சகரானார். அந்தப் பணியில்தான் 1944இல் டென்னஸி வில்லியம்ஸைச் சந்தித்தார். அந்தச் சந்திப்புக்குப் பிறகே நாடகம் எழுதத் துணிந்தார். 1947இல் டல்லஸில் மார்கோ ஜோன்ஸ் அவருடைய முதல் நாடகத்தை அரங்கேற்றினார். 1950இல் ‘கம் பேக், லிட்டில் ஷீபா’ பிராட்வேயில் வென்றது. அதன் பின் ‘பிக்னிக்’, ‘பஸ் ஸ்டாப்’, ‘தி டார்க் அட் தி டாப் ஆஃப் தி ஸ்டேர்ஸ்’ என்று வரிசையாக வெற்றி. 1961இல் வெளிவந்த ‘ஸ்ப்ளெண்டர் இன் தி கிராஸ்’ படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கார் கிடைத்தது. அதன் பிறகு எழுதிய நாடகங்கள் எடுபடவில்லை. மனச்சோர்வும் குடியும் அவரை விடவில்லை. 1973இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

‘பிக்னிக்’ இப்போதுள்ள முடிவோடு எழுதப்படவில்லை. மேட்ஜ் ஊரிலேயே தங்கிவிடுவதுதான் இன்ஜின் மனத்துக்குப் பட்ட முடிவு. இயக்குநர் ஜோஷுவா லோகன் அதை ஏற்கவில்லை. பார்வையாளர் அவ்வளவு கசப்பைத் தாங்கமாட்டார்கள், அவள் அவன் பின்னால் போகவேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். இன்ஜ் மாற்றி எழுதினார், நாடகம் வென்றது, ஆனால் அவர் மனம் ஆறவில்லை. பிறகு ‘சம்மர் பிரேவ்’ என்ற பெயரில் அதையே திருத்தி எழுதி 1962இல் வெளியிட்டார். அதில் மேட்ஜ் போவதில்லை. மறுபடியும் கடை வேலைக்கே கிளம்புகிறாள். இரண்டு பிரதிகளும் அச்சில் இருப்பதால் எதை எடுப்பது என்ற கேள்வி குழுக்களிடம் எழுவது இயல்பு.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட குழுக்களின் வரலாறு நீண்டது. பாஸ்டன் நகரின் ஜமைக்கா பிளெய்ன் பகுதியில் 1877இல் தொடங்கிய ‘ஃபுட்லைட் கிளப்’ இன்றும் நாடகம் போடுகிறது. பெரிய அலை 1912க்குப் பிறகு எழுந்தது. பயணக் கம்பெனிகள் கொண்டுவந்த வணிக நாடகங்களில் சலித்துப்போனவர்கள் சிகாகோவிலும் பாஸ்டனிலும் சிறு அரங்குகளைத் தொடங்கினார்கள். அந்த இயக்கம் ‘லிட்டில் தியேட்டர்’ என்று பெயர் பெற்று நாடெங்கும் பரவியது. நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் 1924இல் அமைந்த ஊர்க் குழுவில் டோரத்தி பிராண்டோ என்ற இல்லத்தரசி முன்னின்று உழைத்தார். நடிகர் மார்லன் பிராண்டோவின் தாயார் அவர்தான். வேலையும் பிடிப்பும் இல்லாமல் இருந்த ஹென்றி ஃபோண்டா என்ற இருபது வயது இளைஞனை மேடைக்கு இழுத்துவந்ததும் அவரே. இத்தகைய குழுக்களால் நடிகர்கள் உருவானார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் குழுக்களின் மதிப்பு அதில் இல்லை. பெயர் வெளியே தெரியாத நூறு பேருக்கு ஆண்டில் இரண்டு மாதம் வேறொரு மனிதராக வாழ அவை இடம் கொடுத்தன என்பதே பெரிது.

அப்படியொரு குழு ‘பிக்னிக்’கைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் வேலை உரிமை வாங்குவது. நாடகம் இன்னும் பதிப்புரிமையில் இருக்கிறது. உரிமம் கொடுக்கும் நிறுவனத்திடம் எழுதி, எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, என்ன கட்டணம் என்று சொல்லி, ஒவ்வொரு காட்சிக்கும் தொகை கட்டவேண்டும். வசனத்தை விருப்பம்போல வெட்டவோ மாற்றவோ அனுமதி கிடையாது. ஆகவே ‘பிக்னிக்’கை எடுத்துக்கொண்டு ‘சம்மர் பிரேவ்’ முடிவை ஒட்டவைக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்து அதோடு நிற்கவேண்டும். திரைப்படத்தில் புகழ்பெற்ற ‘மூன்க்ளோ’ இசையைப் பயன்படுத்த விரும்பினால் அதற்குத் தனியே உரிமை வாங்கவேண்டும். பல குழுக்கள் இதைக் கடைசி வாரத்தில்தான் உணர்கின்றன.

அடுத்தது நடிகர் தேர்வு. நாடகத்தில் 11 பாத்திரங்கள். ஏழு பெண்கள், நான்கு ஆண்கள். ஊர்க் குழுவின் தேர்வு நாளன்று அரங்கத்தில் போய் நின்றால் இந்தக் கணக்கின் அருமை புரியும். படிவத்தை நிரப்பிக்கொண்டு காத்திருப்பவர்களில் பெண்களே அதிகம். அவர்களிலும் நாற்பதைத் தாண்டியவர்கள் அதிகம். பெரும்பாலான பழைய நாடகங்களில் அவர்களுக்கு அம்மா வேடமோ வேலைக்காரி வேடமோதான் மிஞ்சும். ‘பிக்னிக்’ அவர்களுக்கு ஃப்ளோவையும் ஹெலனையும் ரோஸ்மேரியையும், ரோஸ்மேரியின் தோழிகளான இரண்டு ஆசிரியைகளையும் தருகிறது. இந்த ஐந்தில் ஒன்றுகூட வெறும் நிரப்புப் பாத்திரம் அல்ல.

சிரமம் இளையவர்களிடம் இருக்கிறது. ஹாலும் மேட்ஜும் ஆலனும் இருபதுகளின் வாசலில் நிற்பவர்கள். சிற்றூரில் அந்த வயதினர் கல்லூரிக்கோ வேலைக்கோ வெளியூர் போய்விடுகிறார்கள். பயணம் போவதைப் பற்றிய நாடகத்துக்கு ஆள் கிடைக்காமல் போவதும் அந்தப் பயணத்தாலேயேதான். சில குழுக்கள் முப்பதைக் கடந்தவர்களை வைத்துச் சமாளிக்கின்றன. திரைப்படத்தில் ஹாலாக நடித்த வில்லியம் ஹோல்டனுக்கு அப்போது 37 வயது. திறமைக்குக் குறைவில்லை, ஆனாலும் அந்த வயது படத்தை இன்றுவரை உறுத்துகிறது. இருபது வயதில் வேலை வெட்டி இல்லாமல் அலைபவனைப் பார்த்தால் பரிதாபம் வரும். அதையே நாற்பதை நெருங்கியவன் செய்தால் பார்ப்பவருக்குப் பயம்தான் வரும். அனுபவம் குறைந்தாலும் இளைஞனையே போடுவது நல்லது. முதல் மேடையேற்றத்தில் ஹாலாக ரால்ஃப் மீக்கர் நடித்தார். ஆலனாக நடித்த பால் நியூமனுக்கு அதுவே முதல் பிராட்வே நாடகம். அங்கே மாற்று நடிகையாக இருந்த ஜோன் வுட்வர்டைப் பின்னால் அவர் மணந்துகொண்டார்.

காட்சியமைப்பு ஒன்றே ஒன்று. இரண்டு வராந்தாக்கள், நடுவில் முற்றம், பின்னால் ஊரின் தானியக் கிடங்கும் ரயில் நிலையமும் தேவாலயக் கோபுரமும் தெரியும் தூரக் காட்சி. பிராட்வேயில் இதை ஜோ மீல்சீனர் வடிவமைத்தார். ஊர்க் குழுவுக்குத் தச்சுவேலை தெரிந்த இரண்டு பேரும் பழைய கதவு ஜன்னல் விற்கும் ஒரு கடையும் இருந்தால் போதும். கவனிக்கவேண்டியது கம்பிவலைக் கதவு. நாடகம் முழுவதும் அது திறந்து மூடியபடியே இருக்கிறது. அது மூடும் சத்தத்திலேயே யார் கோபமாக உள்ளே போனார், யார் ரகசியமாக வெளியே வந்தார் என்பது தெரிந்துவிடும். ஆகவே நிஜமான வில் கம்பி வைத்த கதவையே மாட்டவேண்டும். துணியில் தீட்டிய கதவு இங்கே உதவாது. ஒத்திகையின் முதல் வாரத்திலேயே அதை நிறுத்திவிட்டால் நடிகர்களின் கைக்கு அது பழகிவிடும்.

ஒலியில் முக்கியமானது ரயில். அதன் ஊதல் கேட்கும்போதெல்லாம் யாரோ ஒரு அற்புதமான மனிதன் அதிலிருந்து இறங்கித் தன் கடைக்கு வருவான் என்று மேட்ஜ் கற்பனை செய்கிறாள். ஒருநாள் அதில் ஏறி நியூயார்க் போய்விடவேண்டும் என்று மில்லி நினைக்கிறாள். அக்காள் தங்கை இருவரையும் பிரித்துக் காட்ட இன்ஜுக்கு இந்த ஓர் ஊதலே போதுமாக இருந்தது. சத்தம் அருகில் அதிர்ந்தால் பயனில்லை. பேச்சை நிறுத்திக் காதுகொடுத்தால்தான் கேட்கும் தூரத்தில் அது இருக்கவேண்டும்.

இரண்டாம் அங்கத்தின் நடனம்தான் பலரும் காத்திருக்கும் காட்சி. பக்கத்தில் எங்கோ ஓர் இசைக்குழு பிக்னிக்குக்காகப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறது; அந்த இசை காற்றில் வருகிறது. ஹால் மில்லிக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறான். ரோஸ்மேரி தன் நண்பர் ஹவர்டோடு ஆடுகிறாள். புது உடையில் மேட்ஜ் வருகிறாள். ஹாலும் அவளும் ஆடத் தொடங்கியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்று பார்க்கிறார்கள். இதில் தேர்ந்த நடனக்காரர்களைப் போல ஆடவேண்டியதில்லை. உடம்புகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் நிமிடத்தைப் பார்வையாளர் பார்த்தால் போதும். அதைவிட முக்கியம், பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் முகம். மில்லி தான் பார்க்க லாயக்கில்லாதவள் என்று அந்த நொடியில் முடிவுசெய்கிறாள். மறைவாக விஸ்கி குடிக்கிறாள். ரோஸ்மேரிக்கு வயது போய்விட்டது என்பது உறைக்கிறது. அந்த வலியை ஹால் மீது கொட்டி, எல்லார் முன்னிலையிலும் அவனைச் சிறுமைப்படுத்துகிறாள். இயக்குநர் இளஞ்ஜோடி மீது மட்டும் விளக்கைக் குவித்தால் இந்த இருவரையும் இழந்துவிடுவார். அதோடு நாடகத்தின் மறுபாதியும் போய்விடும்.

ஹாலும் மேட்ஜும் நெருங்கும் காட்சிகளை இன்றைய குழுக்கள் முன்னெச்சரிக்கையோடு அமைக்கின்றன. எங்கே தொடுவது, எவ்வளவு நேரம், எந்த அடியில் விலகுவது என்று இருவரும் ஒப்புக்கொண்டு, நடன அசைவுபோல எழுதிவைத்து ஒத்திகை பார்க்கிறார்கள். நாளைக்கு அதே ஊரில் ஒருவரை ஒருவர் கடைத்தெருவில் சந்திக்கவேண்டியவர்கள் அவர்கள். பயிற்சி பெறாத நடிகர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் அவசியம்.

நாடகத்தின் உயிர் மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டிவிட்டது. ஹவர்ட் பெவன்ஸ் ரோஸ்மேரியை வீட்டில் கொண்டுவந்து விடுகிறார். அவர் பக்கத்து ஊரில் கடை வைத்திருப்பவர். நடுவயது, நல்ல மனிதர், கல்யாணத்தில் அவசரம் இல்லாதவர். அந்த இரவோடு விடுமுறை முடிகிறது. இன்னொரு கல்வியாண்டு, அதே வகுப்பு, அதே வாடகை அறை. தனக்கு யாரும் தேவையில்லை என்று காலையெல்லாம் சவடால் பேசியவள் அந்த இருட்டில் அவரிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறாள். முதலில் அதட்டல், பிறகு பேரம், கடைசியில் முழங்காலில் விழுந்து கெஞ்சல். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலையில் வருவதாகச் சொல்லிப் போகிறார்.

இதன் கனம் விளங்க அந்தக் கால ஆசிரியைகளின் நிலையைத் தெரிந்துகொள்ளவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவின் பல பள்ளி நிர்வாகங்கள் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை. வேலையில் இருக்கும்போது மணந்தால் விலக்கிவிடுவதும் உண்டு. ரோஸ்மேரியின் தலைமுறையில் ஒரு பெண் வேலையா குடும்பமா என்று ஒன்றைத் தேர்ந்தாகவேண்டியிருந்தது. அந்தத் தேர்வுக்கு அவள் கொடுத்த விலையே அவளை முழங்காலில் விழ வைக்கிறது. மறுநாள் காலை ஹவர்ட் வருவது இன்னும் கொஞ்சம் யோசிக்க அவகாசம் கேட்கத்தான். ஆனால் தோழிகள் வாழ்த்துச் சொல்லி, பெட்டிகளை எடுத்துக்கொடுத்து, அவரை வாய் திறக்கவே விடுவதில்லை. பார்வையாளர் சிரிக்கிறார்கள், சிரிக்கத்தான் வேண்டும். அந்தச் சிரிப்புக்காக ரோஸ்மேரியைக் கேலிப்பெண்ணாக முதல் அங்கத்திலிருந்தே நடித்துவிட்டால் நள்ளிரவுக் காட்சி செத்துப்போகும். 1953இல் அந்தப் பாத்திரத்தை ஐலீன் ஹெக்கார்ட் ஏற்றார்.

ஊர் அரங்கில் இந்தக் காட்சி தனியான பலத்தோடு எழுகிறது. மேடையில் நிற்பவர் நிஜத்திலும் அந்த ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்துபவராக இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்களாக இருக்கலாம். பெருநகர நடிகை எவ்வளவு திறமையாக நடித்தாலும் கிடைக்காத ஒரு நெருக்கம் அங்கே அரங்கத்தில் உண்டாகிறது. நடிப்பவர் அதைப் பயன்படுத்திக் கண்ணீர் வரவழைக்க முயலக்கூடாது. வசனத்தை வேகமாக, வெட்கத்தை மறைக்கும் அவசரத்தோடு சொன்னாலே போதும்.

முடிவில் மேட்ஜ் போனபிறகு மேடையில் மிஞ்சுபவர்கள் ஃப்ளோவும் ஹெலனும். மகளைத் தடுக்க ஓடப்பார்க்கும் ஃப்ளோவை ஹெலன் நிறுத்துகிறாள். ஹெலனுக்கு அதற்கான உரிமை உண்டு. இளவயதில் அவள் செய்துகொண்ட கல்யாணத்தை அன்றே தாய் தலையிட்டு ரத்து செய்ய வைத்தாள் என்பதை நாடகம் முன்பே சொல்லியிருக்கிறது. இந்தக் கடைசிப் பக்கத்தை ஒழுங்காக நடித்தால் லோகன் வற்புறுத்திய முடிவு வெறும் மகிழ்ச்சி முடிவாக இருக்காது. மேட்ஜ் போகும் வழி எத்தகையது என்று ஃப்ளோவுக்குத் தெரியும்; பார்வையாளருக்கும் தெரிந்துவிடும். இன்ஜ் விரும்பிய கசப்பு ‘பிக்னிக்’ பிரதியிலேயே முழுதாக இருக்கிறது. ‘சம்மர் பிரேவ்’வைத் தேடிப் போகவேண்டியதில்லை.

ஆகவே இந்த நாடகத்தைக் கையில் எடுக்கும் குழு அழகான ஜோடி கிடைக்குமா என்று முதலில் தேடவேண்டாம். நல்ல ஃப்ளோவும், நல்ல ஹெலனும், எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல ரோஸ்மேரியும் ஊரில் இருக்கிறார்களா என்று பார்க்கட்டும். ஹாலையும் மேட்ஜையும் ஆறு வார ஒத்திகையில் உருவாக்கிவிடலாம். ரோஸ்மேரி கிடைக்கவில்லை என்றால் அந்த ஆண்டு வேறு நாடகம் போடுவதே சரி.